நினைவு தவறும் பெற்றோரும் நிதானம் தவறாத பிள்ளைகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



மனித வாழ்வின் படிகளை விவரிக்கும் அல்குர்ஆன், சிலர் தள்ளாத வயது வரை கொண்டுசெல்லப்படுவதையும், அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாதவர்களாக ஆகிவிடுவதையும் இரண்டு இடங்களில் நினைவூட்டுகின்றது. ஸூரத்துன் நஹ்லின் 70 ஆவது வசனத்திலும், ஸூரத்துல் ஹஜ்ஜின் 5 ஆவது வசனத்திலும் இதனைக் காணலாம். அந்த நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே, முதுமையில் அறிவு தளர்வது கருவறை முதல் கப்ரு வரையிலான மனிதப் பயணத்தில் ஒரு கட்டமாகச் சிலருக்கு விதிக்கப்பட்டதாகும். அதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. அது எளிதானதும் இல்லை.

மாத்தளை, உக்குவளை, வரக்காமுறை, ரத்தோட்டை, கலேவெல என எமது மாவட்டத்தின் எந்த ஊரிலும் இத்தகைய காட்சியைக் காணலாம். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்று, கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்த வியாபாரி ஒருவர், மிகுதிக் காசைக் கொடுக்கத் தடுமாறுகின்றார். நாற்பது வருடங்களாகச் சமைத்த உம்மா, ஒரே கறிக்கு இருமுறை உப்பிடுகின்றார். அஸர் தொழுது முஸல்லாவை மடித்து வைத்தவர், “நான் அஸர் தொழுதேனா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கின்றார். “வயது போனால் இப்படித்தானே” என்று வீட்டார் சொல்லிக்கொள்கின்றனர். பின்னர் ஒருநாள் கிளினிக்கில் வைத்தியர் அதற்கு ஒரு பெயர் சொல்கின்றார்: டிமென்ஷியா. அந்தச் சொல்லைக் கேட்டபின் வீடு திரும்பும் குடும்பத்தின் உள்ளத்தில் நிகழ்வது என்ன? அதனை எவ்வாறு தாங்கிக்கொள்வது? இன்று நாம் சிந்திக்கவிருப்பது இதனைப் பற்றியே.

நோயை விளங்கிக்கொள்வோம்

டிமென்ஷியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. மூளையின் கலங்கள் பாதிப்படைவதால் ஞாபகம், சிந்தனை, மொழி, தீர்மானம் எடுக்கும் ஆற்றல் ஆகியன படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்வே தடைப்படும் நிலைக்கு வழங்கப்படும் பொதுப் பெயராகும். ஜெர்மனிய வைத்தியர் அலொய்ஸ் அல்ஸைமர் 1906 ஆம் ஆண்டு விவரித்த, அவரது பெயராலேயே அழைக்கப்படும் நோய் இவற்றுள் பிரதானமானது. டிமென்ஷியா உடையோருள் 60 முதல் 70 வீதமானோருக்கு அதுவே காரணமாக அமைகின்றது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் ஏற்படும் வகையும் பரவலாகக் காணப்படுகின்றது.

2021 ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நிலையுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எமது நாட்டில் ராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்த சுமார் 700 பேரிடையே நடத்தப்பட்டு, 2003 இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் டிமென்ஷியா காணப்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்திருந்தனர். நாடு மேலும் முதுமையடைந்து வருகின்றது. எனவே, இது யாரோ ஒரு வீட்டின் விவகாரம் என எண்ணி இருந்துவிட முடியாது.

இங்கே ஒரு முக்கிய செய்தி உண்டு. மறதி அனைத்தும் டிமென்ஷியா அன்று. விற்றமின் பீ-12 குறைபாடு, தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, மனச்சோர்வு, கிருமித் தொற்று, சில மருந்துகளின் பக்க விளைவு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிதல் என்பவற்றாலும் ஞாபகம் தடுமாறலாம். இவற்றுள் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. ஆகவே மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ அழைத்துச் சென்று முறையாகப் பரிசோதிப்பது பிள்ளைகளின் முதற்கடமையாகும். மருந்து செய்யுமாறும், முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கு அல்லாஹ் மருந்தை வைத்துள்ளான் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய கருத்து அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் வந்துள்ளது. அல்ஸைமர் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சிலருக்கு அதன் அறிகுறிகளைச் சில காலம் தணிக்கும் மருந்துகள் உள்ளன. குணப்படுத்தித் தருவதாகக் கூறிப் பணம் பறிப்போரை நாடிச் சென்று ஏமாற வேண்டாம். குர்ஆன் வசனங்களை ஓதிப் பார்ப்பது மனத்துக்கு ஆறுதலாகும். அதற்காக வைத்தியரைக் கைவிடுவதும், “யாரோ செய்துவிட்டார்கள்” என அயலவர் மீது பழி சுமத்துவதும் மார்க்கம் காட்டிய வழியன்று.

அழுவது ஈமானுக்கு இழுக்கன்று

நோயின் பெயரைக் கேட்டவுடன் குடும்பத்தவர் பலவாறு கலங்குகின்றனர். ஒருவர் நம்ப மறுக்கின்றார். இன்னொருவர் கோபப்படுகின்றார். “முன்னரே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே” என்று வேறொருவர் தன்னையே நொந்துகொள்கின்றார். வெளிநாட்டில் தொழில் செய்யும் மகன் தொலைபேசியில் அழுகின்றான். இவையனைத்தும் இயல்பானவை. அழுதால் பொறுமை போய்விடும் என எண்ணிக் கவலையை உள்ளேயே பூட்டி வைப்போர் எம்மிடையே பலர் உள்ளனர். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணத் தறுவாயில் இருந்தபோது அன்னாரின் கண்கள் கண்ணீர் சிந்தின. கண் அழும், உள்ளம் கவலையுறும், ஆயினும் இரட்சகன் பொருந்தாததை நாவு கூறாது என்பதே அன்னார் அப்போது எமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கமாகும்.

இந்நோய் தரும் கவலைக்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. மரணம் நிகழ்ந்தால் ஜனாஸா உண்டு, தஃஸியா உண்டு, ஊரார் வந்து ஆறுதல் கூறுவர். இங்கோ வாப்பா எதிரிலேயே அமர்ந்திருக்கின்றார், ஆனால் மகளின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. இழப்பு உண்டு, ஆறுதல் கூற எவரும் வருவதில்லை. பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய தெளிவற்ற இழப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். எமக்கோ யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு உண்டு. மகன் யூஸுப் இறந்தும் போகவில்லை, கண்ணெதிரே இருக்கவும் இல்லை. அந்தத் துயரால் அன்னாரின் கண்கள் வெளுத்துப் போயின. ஆயினும் அன்னார் தமது துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள், அவனது அருளில் நம்பிக்கை இழக்கவில்லை. அழகிய பொறுமையாளரான நபியொருவரே இவ்வாறு அழுதிருக்க, பெற்றோரின் நினைவு மங்குவது கண்டு அழும் பிள்ளையைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

அதே ஸூராவில் இன்னொரு பாடமும் உண்டு. தமக்கு யூஸுபின் வாசம் வீசுகின்றது என்றும், புத்தி தளர்ந்தவன் என நீங்கள் என்னை எண்ணாதிருக்க வேண்டும் என்றும் யஃகூப் (அலை) அவர்கள் கூறினார்கள். அருகிலிருந்தோர் அதனைப் பழைய தடுமாற்றம் எனத் தள்ளினார்கள். ஆனால் அன்னார் கூறியதே உண்மையாயிற்று. வயோதிபரின் வாயிலிருந்து வருவது அனைத்தையும் உளறல் எனத் தள்ளிவிடலாகாது. வயிற்று வலியோ பசியோ பயமோ அந்தச் சொற்களுக்குள் மறைந்திருக்கலாம்.

ஹதீஸ் கலை தரும் படிப்பினை

நேயர்களே! எமது முன்னோர் இந்நிலையை நன்கறிந்திருந்தனர். ஹதீஸ் கலை அறிஞர்கள் இதற்கு ‘இக்திலாத்’ என்று பெயரிட்டனர். மிகுந்த நம்பகமான அறிவிப்பாளர் ஒருவர் முதுமையில் ஞாபகம் குழம்பிவிடுவதை அச்சொல் குறிக்கும். இத்தகையோரைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. ஹிஜ்ரி 761 இல் வபாத்தான இமாம் அலாயீ அவர்களின் நூல் அவற்றுள் ஒன்றாகும்.

பஸராவைச் சேர்ந்த ஜரீர் இப்னு ஹாஸிம் (றஹ்) அவர்கள் ஹிஜ்ரி 170 இல் வபாத்தானவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இவர்களது அறிவிப்புகள் உள்ளன. இறுதிக் காலத்தில் இவர்களது ஞாபகம் குழம்பியது. இவர்களின் பிள்ளைகள் ஹதீஸ் கற்றவர்கள். தந்தையின் நிலையை உணர்ந்தவுடன், அவர் ஹதீஸ் அறிவிக்காதவாறு மக்களிடமிருந்து அவரைத் தடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்நிலையில் அவரிடமிருந்து எவரும் எதனையும் செவியுறவில்லை என்று இமாம் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தி அவர்கள் தெரிவித்துள்ளார்கள்.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நிலையை ஏற்றுக்கொண்டு, தந்தையின் கண்ணியத்தையும் மக்களின் அமானிதத்தையும் ஒருசேரக் காத்தார்கள். அறிஞர்களும் இந்நிலையை அவமானமாகக் கருதி மறைக்கவில்லை, உள்ளதை உள்ளவாறு பதிந்தார்கள். இரண்டு, ஞாபகம் குழம்பிய பின்னர் நேர்ந்தது எதுவும் முன்னர் அறிவித்ததைச் செல்லாததாக்கவில்லை. நோய்க்கு முன் கேட்டவை ஏற்கப்பட்டன. அவை இன்றும் ஸஹீஹான கிரந்தங்களில் உள்ளன.

உங்கள் வாப்பாவின் விடயமும் அவ்வாறே. அவர் உங்களைத் தோளில் சுமந்தது, ஹலாலாக உழைத்துப் படிக்க வைத்தது, ஓதக் கற்றுத் தந்தது யாவும் நிகழ்ந்து முடிந்த உண்மைகள். இன்று அவர் அவற்றை மறந்தாலும் அவை அழியமாட்டா. அவரது ஏட்டில் அவை எழுதப்பட்டுவிட்டன. நோயுற்றவருக்கு, அவர் சுகமாக இருந்தபோது செய்து வந்த நல்லமல்களின் கூலி எழுதப்படுகின்றது என்ற கருத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (றழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. புத்தி நீங்கியவர் மீது, அது திரும்பும் வரை, பாவம் எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற ஹதீஸையும் நாம் அறிவோம். எனவே, தொழுகையில் ரக்அத் தவறியதற்காக அவரைக் கண்டிப்பதும், நோன்பு நாளில் பகலில் உணவு கேட்டதற்காக அதட்டுவதும் கூடாது. தெளிவுள்ள நேரங்களில் அவருக்குரிய கடமைகள் எவை என்பதை ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நிகழ்ச்சி மறையும், உணர்வு தங்கும்

அல்ஸைமர் நோயில் புதிய நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகின்றது. இதனாலேயே காலையில் உண்டது மறந்துபோக, ஐம்பது வருடங்களுக்கு முந்திய கல்யாணம் நினைவில் நிற்கின்றது. சிறுவயதில் மனனமிட்ட ஸூராக்களை ஓதும் ஆற்றல், மனிதர்களின் பெயர்கள் மறந்த பின்னரும் பலரிடம் எஞ்சியிருக்கின்றது. அருகில் அமர்ந்து மெதுவாக ஓதுங்கள். அவரும் சேர்ந்து ஓதக்கூடும்.

2014 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்ஸைமர் நோயாளருக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காண்பித்தனர். சற்று நேரத்தில் அவர்கள் பார்த்தவற்றைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஆனால் அதனால் எழுந்த சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்திருந்தன. நீங்கள் அதட்டியதை உம்மா மறந்துவிடுவார், அந்த அதட்டலின் வேதனை அவரிடம் தங்கிவிடும். நீங்கள் கையைப் பிடித்துச் சிரித்ததையும் மறந்துவிடுவார், அந்த ஆறுதல் தங்கிவிடும். ஸூரத்துல் இஸ்ராவின் 23 ஆவது வசனம், முதுமையடைந்து உம்மிடத்தில் இருக்கும் பெற்றோரை நோக்கி ‘சீ’ என்ற சொல்லையும் கூறக்கூடாது எனத் தடுத்திருப்பதன் ஆழத்தை இங்கே சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே, பத்தாவது முறை கேட்டாலும் முதல்முறை கேட்டதுபோல் பதில் கூறுங்கள். “இப்போதுதானே சொன்னேன்” என்ற வார்த்தையைக் கைவிடுங்கள். மௌத்தாகிவிட்ட தாயாரை அவர் தேடினால், மௌத்துச் செய்தியை மீண்டும் மீண்டும் கூறி ஒவ்வொரு முறையும் புதிதாக அழவைக்க வேண்டாம். “உங்கள் உம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சொந்த வீட்டிலிருந்தே “வீட்டுக்குப் போக வேண்டும்” என்றால், வாதிடாது கைபிடித்து முற்றத்தில் சற்று நடந்து வாருங்கள். பணப்பையைத் திருடியதாக மருமகளைக் குற்றஞ்சாட்டினால், அது நோயின் பேச்சு என்பதை முழுக் குடும்பமும் விளங்கி, அந்த மருமகளுக்குத் துணை நிற்க வேண்டும். ஸுபஹுக்கு முன் தனியே வெளியேறும் பழக்கம் ஏற்பட்டால், அயலவருக்கும் பள்ளிவாசல் முஅத்தினுக்கும் முன்கூட்டியே அறிவித்து வையுங்கள்.

மறைப்பதால் வரும் தீங்கு

“வெளியே தெரிந்தால் குமரின் சம்பந்தம் குழம்பிவிடும்” என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் இதனை மறைக்கின்றன. அல்ஸைமர் நோயாளருள் மிகச் சிலருக்கே அது பரம்பரையாக நேரடியாகக் கடத்தப்படுகின்றது. அவ்வகையினருக்கு அது பெரும்பாலும் இளவயதிலேயே தோன்றிவிடும். முதுமையில் வரும் நோயைக் காரணங்காட்டி ஒரு பிள்ளையின் வாழ்வைத் தடுப்பது அறியாமையாகும்.

நோயாளியிடமிருந்தே மறைப்பதும் பொதுவாக நன்மை தராது. ஆரம்பக் கட்டத்தில் தமக்கு ஏதோ நேர்கின்றது என்பதை அவர் அறிவார். அறிந்தும் பேச ஆளின்றி அஞ்சுவார். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் 1994 நவம்பரில், தமக்கு அல்ஸைமர் ஏற்பட்டுள்ளதைத் தம் கையால் எழுதிய கடிதத்தின் மூலம் மக்களுக்கு அறிவித்தார். அதன்பின் ஏறத்தாழ பத்து வருடங்கள், 2004 ஜூன் வரை வாழ்ந்தார். நோயின் பெயரைக் கேட்ட நாள் வாழ்வின் இறுதி நாளன்று. அன்பாக, சிறிது சிறிதாக, “நாங்கள் உங்களுடன் இருக்கின்றோம்” என்ற உறுதியுடன் அவருக்கு எடுத்துக் கூறுங்கள்.

தெளிவு இருக்கும் காலத்திலேயே கடன், அமானிதம், காணி, வஸிய்யத் ஆகியவற்றை அவரது விருப்பப்படி ஒழுங்குசெய்வது அவசியம். அட்டோர்ணித் தத்துவம் போன்ற பத்திரங்களை எழுதுபவர் அவற்றை விளங்கும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பதால், சட்டத்தரணி ஒருவரிடம் தாமதியாது ஆலோசனை பெறுங்கள். கடன் பற்றிய ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், எழுதச் சொல்ல இயலாத பலவீனருக்காக அவரது பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் எனப் பணிக்கின்றது. நீதியுடன் என்பதே அங்கு நிபந்தனை. வாப்பாவின் மறதியைப் பயன்படுத்திக் கையொப்பம் பெறும் பிள்ளை, நெருப்பையே உண்கின்றான்.

சுமையைப் பகிர்வோம்

இந்நோயில் இன்னொரு நோயாளியும் உருவாகின்றார். அவர்தான் பராமரிப்பவர். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். இரவில் உறக்கமில்லை, பகலில் ஓய்வில்லை, வரும் உறவினரோ “இன்னும் நன்றாகப் பார்க்கலாமே” எனக் குறை கூறிச் செல்கின்றனர். பணம் அனுப்புவதுடன் கடமை முடிந்தது என மகன்மார் எண்ணலாகாது. பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பெற்ற பிள்ளைகளின் கடமை. மருமகள் செய்வது அவள் புரியும் உபகாரமாகும். சகோதரர்கள் ஒன்றுகூடி, எந்த இரவு யார் விழித்திருப்பது, எந்தக் கிளினிக்குக்கு யார் அழைத்துச் செல்வது என முறை வகுக்க வேண்டும். பராமரிப்பவருக்கு வாரத்தில் சில மணி நேரமேனும் ஓய்வு கிடைக்க வேண்டும். சினமும் சோர்வும் எழுந்ததற்காக அவர் தம்மைப் பாவியாகக் கருத வேண்டியதில்லை. எல்லை மீறும் முன் உதவி கேட்பதே அறிவுடைமை.

உதவி பெறும் வழிகளும் உண்டு. கொழும்பில் 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லங்கா அல்ஸைமர் பவுண்டேஷன் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகின்றது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் மன உளைச்சலைப் பற்றிப் பேசலாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது எனப் பிள்ளைகளைப் பணிக்கின்றது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதில் பங்கெடுக்கலாம். ஸப்பில் தடுமாறும் வயோதிபரின் அருகே நிற்க ஓர் இளைஞரை நியமிப்பது செலவில்லாத ஸதகாவாகும்.

இளைஞர்களே! மூத்தாப்பாவின் தடுமாற்றத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிக்காதீர்கள். மாறாக, அவரது பழைய கதைகளைப் பதிவுசெய்து குடும்பத்துக்காகப் பாதுகாத்து வையுங்கள். நரைத்த முஸ்லிமைக் கண்ணியப்படுத்துவது அல்லாஹ்வைக் கண்ணியப்படுத்துவதில் அடங்கும் என்ற நபிமொழியை மறவாதீர்கள்.

நடுவயதுப் பெற்றோரே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, வாழ்நாளில் 14 காரணிகளைச் சீர்செய்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ இயலும் எனக் கணித்துள்ளது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், உடலுழைப்பின்மை, கவனிக்கப்படாத செவிட்டுத்தன்மை, தனிமை என்பன அவற்றுள் சில. பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதும், சுற்றத்தாருடன் சேர்ந்து வாழ்வதும் மூளைக்கும் நன்மை தருவன.

யா அல்லாஹ்! தள்ளாத வயதின் துன்பத்திலிருந்து எம்மைக் காப்பாயாக! நினைவு மங்கிய எம் பெற்றோருக்கு அமைதியையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் வலிமையையும் அருள்வாயாக! சிறுவயதில் எம்மை அவர்கள் வளர்த்ததுபோல், அவர்கள் மீது நீ இரக்கம் காட்டுவாயாக! அவர்கள் மறந்துவிட்ட நன்மைகளை நீ மறவாதவன். அவற்றை அங்கீகரிப்பாயாக! ஆமீன்.